விசுப்பலகையில் ஓரிடம்

நாவுக்கு ருசியான ஒரு பண்டத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவது காகிதத்தையும் மையையும் வீணாக்குவதாகும் என்று நண்பர் சிலர் கருதக்கூடும். பேசுவதற்கு வேறு விஷயமே இல்லையா, கூலி இல்லையா, வீடு இல்லையா, பிள்ளைகளின் படிப்பு இல்லையா என்றும் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆயினும், நம்மவருள் ஒருவன் மற்றொருவனைத் தாழ்ந்தவன் என்று எண்ணியதை வேறெங்கும் காட்டியதைவிடச் சோற்றுப் பந்தியிலேதான் மிகுதியாகக் காட்டினான் என்பதை யார் மறுப்பர்? யாருடன் உட்கார்ந்து உண்பது, யார் கையால் வாங்கி உண்பது, யார் எழுந்த பிறகு உண்பது என்னும் இம்மூன்று கேள்விகளுக்கும் ஒரு மனிதன் தன் நடத்தையால் சொல்லும் விடை, அவன் மேடையேறிப் பேசும் பேச்சைவிட உண்மையானது. நான் சொல்லிவந்த விடை தவறு என்பதை ஒரு சயாம் மீக் கடையிலே கற்றுக்கொண்டேன். அதனாலேயே இதை எழுதத் துணிந்தேன்.

பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவுக்குச் செல்லும் சாலையில், காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் மலைச்சரிவில் வெண்மையாய்ப் படிப்படியாக இறங்கிவரும் இடத்தில், திரிங்காப் என்னும் சிற்றூர் இருக்கிறது. கேமரன் மலைக்கு வரும் உல்லாசப் பிரயாணிகளுள் பெரும்பாலோர் பிரிஞ்சாங்கோடு திரும்பிவிடுவர். எஞ்சியவர் இங்கே வண்டியை நிறுத்தினால் அது முட்டைக்கோஸும் சோளமும் வாங்குவதற்கே. அச்சாலையோரத்தில் ஓர் ஒட்டுக்கடை. மேலே தகரம், மழைச் சாரலுக்கு ஒரு பக்கம் தார்ப்பாய், இரண்டு காஸ் அடுப்புகள், நான்கு மேசைகள், ஒவ்வொரு மேசைக்கும் இருபுறம் நீண்ட விசுப்பலகைகள். பெயர்ப்பலகை கிடையாது. மாலை ஐந்து மணிக்கு அடுப்பு எரியத் தொடங்கும். குழம்புச் சட்டி காலியானவுடன் கடை மூடப்படும். ஒரு மங்கு மீயின் விலை ஏழு வெள்ளி.

கடைக்காரி நாராதிவாத் பக்கத்துப் பெண்மணி. ஐம்பது வயது இருக்கும். முஸ்லிம்; வீட்டில் மலாய் பேசுகிறவர்; பள்ளிக்கூடத்தில் மட்டும் சயாம் மொழி படித்தவர். பட்டாணி, யாலா, நாராதிவாத் ஆகிய பகுதிகள் சயாமின் எல்லைக்குள்ளும், கிளந்தான், கெடா, பெர்லிஸ், திரெங்கானு ஆகியவை ஆங்கிலேயர் கைக்கும் என்று 1909ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கை கோடு கிழித்தது. கோடு நிலத்தைப் பிரித்ததேயன்றி நாவைப் பிரிக்கவில்லை. ஆதலால் அந்தப் பகுதி மக்கள் சுங்கை கோலோக் ஆற்றைத் தாண்டிவந்து மலாயாவெங்கும் டொம்யாம் கடைகள் வைத்திருப்பதில் வியப்பொன்றும் இல்லை. நாங்கள் அந்த அம்மையாரை மலாய் மொழியில் அக்கா முறை சொல்லியே அழைப்போம். அவரும் எங்களை வயதுக்குத் தக்கபடி தம்பி என்றும் மாமா என்றும் அழைப்பார். துரை, கிராணி, கங்காணி என்ற வரிசையெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அவருக்கு அதனால் ஆகவேண்டியது ஒன்றும் இல்லை.

இனி, அந்த மீயைப் பற்றிச் சொல்கிறேன். பச்சரிசியை ஊறவைத்து, நைய அரைத்து, மாவைத் தட்டில் மெல்லியதாக ஊற்றி, ஆவியில் வேகவைத்து, உரித்தெடுத்து, நாடாவாக அறுத்து உலர்த்தினால் அதுவே அந்த மீ. நம் வீட்டு இடியாப்பத்திற்கு இது ஒன்றுவிட்ட தங்கை என்றே சொல்லலாம். நாம் மாவைப் பிழிந்து அவிக்கிறோம், அவர்கள் அவித்து அறுக்கிறார்கள், அவ்வளவே வேற்றுமை. அதை அவர்கள் அழைக்கும் 'கொய்த்தியாவ்' என்னும் பெயரோ சீனருடையது. 1938 முதல் 1944 வரை அந்நாட்டின் பிரதம மந்திரியாயிருந்த பிபுல் சோங்கிராம், 1939இல் சயாம் என்ற நாட்டின் பெயரைத் தாய்லாந்து என்று மாற்றினார். அவரே 1940களின் தொடக்கத்தில், அரிசி தட்டுப்பட்ட காலத்தில், ஜனங்கள் எல்லாரும் மீ உண்ணவேண்டும், மீ விற்கவேண்டும் என்று பிரசாரமும் செய்தார். சீனரிடமிருந்து வந்த பண்டம் இவ்வாறு சயாமியரின் தேசிய உணவாகிவிட்டது. எங்கள் முன்னோர் உண்டது, எங்கள் தேசத்துக்கே உரியது என்று உணவின்மேல் உரிமை கொண்டாடுவோர் இதைச் சற்றே சிந்திக்கவேண்டும். நாம் மட்டும் என்ன? மிளகாய் இல்லாத தமிழன் குழம்பு உண்டா? அந்த மிளகாயோ போர்ச்சுக்கீசியர் கப்பலேறி அமெரிக்காக் கண்டத்திலிருந்து வந்தது. சயாமுக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒரே நூற்றாண்டில் வாய்த்த விருந்தாளி அது.

கடைக்காரி ஒரு கைப்பிடி மீயை நீண்ட காம்புள்ள வலைக்கூடையில் இட்டுக் கொதிநீரில் முக்குவார். மலைமேல் நீர் கொதிக்கும் வெப்பம் கீழ்நாட்டைவிடச் சற்றுக் குறைவு; ஆகையால் இங்கே இன்னும் சிறிது நேரம் பொறுக்கவேண்டும் என்பார். பிறகு கூடையை ஓர் உதறு உதறி மங்கில் கவிழ்த்து, பயற்று முளை, கோழித் துண்டுகள், மீன் உருண்டை, எண்ணெயில் பொரித்த பூண்டு, கொத்தமல்லித் தழை எல்லாம் மேலே தூவி, கோழியெலும்புச் சாற்றை ஊற்றி நம்முன் வைத்துவிடுவார். அந்தச் சாற்றை முதல் வாய் பருகுவோருக்கு ஏமாற்றமே உண்டாகும். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை, புளிப்பும் இல்லை. அப்பொழுதுதான் மேசைமேல் இருக்கும் நான்கு ஜாடிகள் கண்ணிற்படும். ஒன்றில் சர்க்கரை, ஒன்றில் மிளகாய்த் தூள், ஒன்றில் காடியில் ஊறிய பச்சைமிளகாய், ஒன்றில் நெத்திலியை உப்பிலிட்டுப் பல மாதம் ஊறவைத்து வடித்த மீன் சாறு. எது எவ்வளவு என்பதை உண்பவனே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். சயாமில் எந்த மீக் கடைக்குச் சென்றாலும் இந்த நான்கு ருசிகளும் மேசையில் காத்திருக்கும். சமையற்காரர் பாதி சமைக்கிறார். மீதியை உண்பவன் சமைக்கிறான். உனக்கு இதுதான் ருசி என்று பிறர் அளந்து போட்டதையே நான்கு தலைமுறையாக உண்டுவந்த தோட்டத்து ஜனங்களுக்கு இது சிறிய விஷயமன்று.

நிற்க. இவ்வளவு நுட்பமாக எழுதுகிற நான், முதல் ஓராண்டுக் காலம் அந்தக் கடையில் ஒரு நாளும் உட்கார்ந்து உண்டதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பொட்டலம் கட்டித் தரச்சொல்லி வாங்கிப்போய்விடுவேன்.

காரணம் யாது? நான் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிராணி. என் தகப்பனார் அதே மலையில் கொழுந்து அறுத்தவர். தாயார் கொழுந்து கிள்ளியவர். நானோ கணக்கும் விஞ்ஞானமும் ஆங்கிலத்திலே பயின்று, பிறகு கல்லூரியிலும் ஆங்கிலத்திலேயே கணக்குப்பதிவு கற்றவன். மாலை வேளையில் அந்த விசுப்பலகைகளில் உட்கார்ந்திருப்பவர் யார்? வங்காள தேசத்தார், நேப்பாளியர், இந்தோனேசியர், நம் தமிழர் சிலர். அவர்களிற் பலர் என் தோட்டத்தார். காலையில் பிரட்டுக் களத்தில் நான் பெயர் கூப்பிட, 'ஆம்' என்று சொல்பவர்கள். அவர்களோடு தோள் உரச உட்கார்ந்து, மூக்கு ஒழுகக் காரச் சாறு குடித்தால், மறுநாள் அவர்கள் முன் புத்தகத்தைத் திறக்க முடியுமா? உத்தியோகத்துக்கு ஒரு கௌரவம் வேண்டாமா? இவ்வாறுதான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஜாதி பார்ப்பதில்லை என்று பலரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நான் பார்த்ததற்கு வேறு பெயர் இருந்ததேயொழிய வேறு குணம் இருக்கவில்லை.

அந்தக் கௌரவத்துக்கு நான் கொடுத்த விலை மீயின் ருசி. அரிசி மீ சாற்றில் ஊறிக்கொண்டேயிருக்கும் பண்டம். மங்கிற்கு வந்த ஐந்து நிமிஷத்துக்குள் உண்டுவிட வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டி, மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டு, இருபது நிமிஷ மலைப்பாதை கடந்து வீடு சேர்ந்தால், சாறெல்லாம் வற்றி மீ பருத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் என் தகப்பனார் அதைக் கரண்டியால் கிளறிப் பார்த்து, "தம்பி, இது கஞ்சியா, களியா? காசு கொடுத்தா இதை வாங்குறாங்க?" என்று கேட்டார். சூடாக அங்கேயே உண்டால் நன்றாயிருக்கும் என்றேன். "அப்படின்னா அங்கேயே உண்கிறதுதானே?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

அது எந்த நாட்டு உணவு என்பதையும் நான் அவரிடம் சொல்லவில்லை. அதற்குக் காரணம் வேறு.

எங்கள் வீட்டில் 'சயாம்' என்ற சொல்லைச் சாதாரணமாக உச்சரிக்கமாட்டார்கள். ஜப்பானியர் இந்நாட்டை ஆண்ட காலத்தில், பேராக்கில் ஒரு கித்தாத் தோட்டத்திலிருந்து 1943ஆம் ஆண்டில் என் பாட்டனாரையும் அவருடைய தமையனாரையும் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று முதலில் ஆசை காட்டினார்கள். அதற்கு ஆள் சேராதபோது லாரியில் ஏற்றினார்கள். சயாமின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை, காட்டையும் மலையையும் வெட்டி, 415 கிலோமீட்டர் பாதை. 1942இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளையும் இணைத்தார்கள். நேச தேசத்துப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அதில் உழைத்தனர். 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளிகளோ அவர்களைப்போல் மூன்று மடங்கு. மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் போயினர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். பட்டினி, மலேரியாக் காய்ச்சல், புண், அடி இவற்றுக்கு மேல் 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தது. என் பாட்டனாரின் தமையனார் அதில் போனார். தம்பியே குழி வெட்டினார். பாட்டனார் 1946இல் திரும்பினார். நான் குழந்தையாயிருந்தபோது காலமானார். பந்தியில் சோறு மிச்சம் வைத்தவரை அவர் ஒருநாளும் மன்னித்ததில்லை என்பது வீட்டார் சொல்லக் கேட்டது.

எங்கள் மலையில் சயாம் என்றால் பட்டணத்தார் வேறு கதை சொல்வர். பாங்காக்கில் பட்டு வியாபாரம் செய்து புகழ்பெற்ற ஜிம் தாம்சன் என்னும் அமெரிக்கர், 1967 மார்ச்சு 26ஆம் நாள், தானா ராத்தாவில் தாம் தங்கியிருந்த பங்களாவிலிருந்து உலாவப் புறப்பட்டுப்போனவர் திரும்பவேயில்லை. போலீஸாரும் ராணுவத்தாரும் ஒராங் அஸ்லி மக்களும் காடெல்லாம் தேடினர். புத்தகங்கள் எழுதப்பட்டன; இன்றும் எழுதப்படுகின்றன. ஒரு துரை இங்கே காணாமற்போனதற்கு இத்தனை தேடல்! அங்கே காணாமற்போன எங்கள் ஆயிரக்கணக்கான ஜனங்களைத் தேடியவர் யார்? காஞ்சனபுரியில் போர்வீரர்களின் கல்லறைகள் ஏறக்குறைய 7,000 வரிசை வரிசையாக, பெயர் பொறித்து, புல் வெட்டிப் பராமரிக்கப்படுகின்றன. அது முறையே; அதில் நான் குறை காணவில்லை. எங்கள் பெரிய பாட்டனாருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

இந்நிலையில் அந்த நாட்டுச் சோற்றை அப்பா முன் எப்படி வைப்பது? ஆனால் அவர் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, "அந்தக் கடைக்கு என்னைக் கூட்டிப் போ" என்றார். வழியில் வண்டியை நிறுத்தி உண்மையைச் சொல்லிவிட்டேன். "சயாம்காரி கடைன்னு எனக்கு முந்தியே தெரியும். போ" என்றார்.

அன்று கடையில் கூட்டம். எல்லா மேசையும் நிரம்பியிருந்தது. எங்களைக் கண்டதும் என் தோட்டத்து வாலிபர் நால்வர் கையில் மங்குகளோடு எழுந்து, மேசையை எங்களுக்கு விட்டு, தார்ப்பாயின் ஓரமாகப் போய் நின்றுகொண்டனர். மழை தூறிக்கொண்டிருந்தது. எனக்கோ அது மிகவும் இயற்கையாகத் தோன்றிற்று. ஒரு தலையசைப்போடு உட்கார்ந்துவிட்டேன். அப்பா உட்காரவில்லை.

"அவங்க சாப்பிட்டு முடிக்கலையே. ஏன் எழுந்தாங்க?" என்றார்.

"நான் கிராணி. அதனால்" என்றேன்.

அவர் மலாய் மொழியில் அவர்களை அழைத்து, உட்காருங்கள், இடம் இருக்கிறது என்றார். அவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். அனுமதி கேட்பவரின் பார்வை அது. அப்பொழுதுதான் எனக்குச் சுருக்கென்றது. நானும் எழுந்து வரச்சொன்னேன். ஆறு பேரும் நெருங்கி உட்கார்ந்தோம். அப்பா நான்கு ஜாடிகளையும் முகர்ந்து பார்த்து, மீன் சாற்றைத் தள்ளிவிட்டு, மிளகாய்த் தூளும் சர்க்கரையும் தாராளமாக இட்டுக்கொண்டு, ஒரு சொட்டு மிச்சமின்றி உண்டார். கடைக்காரியிடம் நன்றாயிருக்கிறது என்று சொன்னார். அவ்வளவே பேச்சு.

வீட்டுக்கு வந்தபின், வாசற்படியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"சயாம்காரி சோத்துல என்ன இருக்கு, தம்பி? அந்த ஊர்க் கிராமத்து ஜனங்க உங்க தாத்தாவுக்கு வேலி ஓரமா வாழைப்பழம் குடுத்திருக்காங்க. அதைத் தின்னுதான் சில நாள் கிடந்தேன்னு சொல்லுவார். அவருக்கு அவங்க மேல கோபம் இல்லை. ஜப்பான்காரன் மேலகூட அவ்வளவு இல்லை. ஜப்பான்காரனுக்கு இத்தனை தலை வேணும். தமிழ்ப் பேர் அவனுக்கு என்ன தெரியும்? பேரை எழுதிக் குடுத்தது தோட்டத்துக் கிராணி. அவன் முகந்தான் தாத்தாவுக்குச் சாகிற வரைக்கும் மறக்கலை."

சிறிது நேரம் பொறுத்து, "நான் கிராணி வேலைக்குப் போனபோது ஏன் அப்பா இதைச் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"நீ சந்தோஷமா இருந்தே" என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தக் கிராணி கொடியவனா? இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தலைக்கணக்கு குறைந்தால் அவன் முதுகிலும் பிரம்பு விழுந்திருக்கும். அவன் பெயரே பட்டியலில் ஏறியிருக்கும். ஆனால் இரண்டு நூறு பேர் உள்ள தோட்டத்தில் ஐம்பது பெயர் எழுதவேண்டிய ஒருவன் முதலில் யார் பெயரை எழுதுவான்? தன் வீட்டில் உண்டவன் பெயரையா? தன்னோடு ஒரு பலகையில் உட்கார்ந்து சிரித்தவன் பெயரையா? அல்ல. யாருடைய முகம் அவனுக்கு வெறும் எண்ணாய் நின்றதோ, அவன் பெயரையே எழுதுவான். பேனாவை அசைப்பதற்குக் கொடுமை வேண்டியதில்லை, தூரம் போதும். அந்தத் தூரத்தைத்தான் நான் கௌரவம் என்று பெயரிட்டுப் பொட்டலத்தில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன்.

நானும் பட்டியல் எழுதுகிறவன். யாருடைய அனுமதிச் சீட்டுப் புதுப்பிக்கப்பட வேண்டும், யார் எத்தனை கிலோ கொழுந்து கொடுத்தார், யாருக்கு எத்தனை மணி கூடுதல் வேலை என்பதெல்லாம் என் கையால் ஏறுகின்றன. இது ஜப்பானியர் காலமன்று. எவரையும் சாவுக்கு அனுப்பும் பட்டியலும் அன்று. எனினும் ஏழையின் பெயர் ஒரு வரி தவறினால் அவன் ஊருக்கு அனுப்பும் பணம் குறையும். குறைந்தது ஏன் என்று கேட்க அவனுக்குப் பாஷையும் இல்லை, துணிவும் இல்லை.

அதன்பின் நான் பொட்டலம் கட்டுவதில்லை. விசுப்பலகையிலேயே உட்காருகிறேன். உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். முதலில் சில வாரம் நான் உட்கார்ந்த மேசையில் பேச்சு நின்றுபோகும். மங்கைச் சீக்கிரம் காலிசெய்துவிட்டு எழுவார்கள். நூறாண்டுப் பழக்கம் ஏழு வெள்ளியில் தீருமா? ஒருநாள் மாத்திரம், எதிரில் இருந்த ஒரு வங்காள தேசத்து வாலிபர், நான் கேளாமலே காடி மிளகாய் ஜாடியை என் பக்கம் தள்ளினார். நான் அதைத்தான் முதலில் இட்டுக்கொள்வேன் என்பதைக் கவனித்திருக்கிறார். அவர் எதை முதலில் இட்டுக்கொள்வார் என்பதை நான் கவனித்ததில்லை.

அதற்குப் பத்து நாள் கழித்து அதே வாலிபர், மீயைக் கிளறிக்கொண்டே, தலை நிமிராமல், போன மாதம் தம் கணக்கில் இரண்டு நாளையக் கொழுந்து எடை காணவில்லையே என்றார். மறுநாள் காலை புத்தகத்தைப் புரட்டினேன். ஒரே பெயருடைய இருவர் எங்கள் தோட்டத்தில் இருக்கின்றனர். ஒருவருடைய எடையை மற்றவர் பெயரில் ஏற்றியிருந்தேன். தவறு என்னுடையதே. திருத்திப் பணத்தை வாங்கிக் கொடுத்தேன். ஆபீசுக்கு ஏன் வந்து சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "ஆபீசில் நீங்கள் நின்றுகொண்டு கேட்கச் சொல்வீர்கள், இங்கே உட்கார்ந்து சொல்லலாம்" என்றார்.

தோட்டத்திலும் பட்டணத்திலும் என்போல் பேனா பிடிக்கும் சகோதரர்களுக்கு நான் உபதேசம் செய்ய வரவில்லை. எனக்கு அதற்குத் தகுதி இல்லை. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஊரிலும் இத்தகைய கடை ஒன்று இருக்கும். சயாம்காரருடையதோ, சீனருடையதோ, நம்மவருடையதோ, எதுவாயினும் சரி. உங்கள் புத்தகத்தில் பெயர் உள்ளவர்கள் மாலையில் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். பொட்டலம் கட்டாதீர்கள். சற்று நகரச்சொல்லி, அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். மீயும் சூடாயிருக்கும்.